பத்தடி பின்னால் ஒருவர்

லாரி யார்டை விட்டு வெளியே வந்து அரை மணி நேரம் நடந்திருப்பேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு சோப்பு. கண்டெய்னர் லாரிகளின் ஸ்ட்ரைக் அன்று விடியற்காலைதான் தொடங்கியிருந்தது. வண்டி ஓடாத நாளில் கிளீனருக்கு எதற்குச் சாப்பாடு என்று டிரைவர் கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இந்தச் சாலையில் நடந்துகொண்டே போனால் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் ‘ஆள் தேவை’ அட்டை தொங்கும். சூரத்திலும் தூத்துக்குடியிலும் எனக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு வழி தெரியாது.

எதிரே டீச்சர் வந்துகொண்டிருந்தார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, ஏறக்குறைய ஓட்டமாக. அவருக்கு முன்னால் யாரும் இல்லை.

இரண்டு மாதமாக அவரை அந்தச் சாலையில் பார்க்கிறேன். எப்போதும் அவருக்குப் பத்தடி முன்னால் தேசிங்கு நடந்து போவான். அவனைத் தனியாக நடக்க விட்டு மூன்று நாள் ஆகிறது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் இவர் இன்று இங்கே வரவேண்டிய தேவையே இல்லை.

“லாரி தம்பி, தேசிங்க பாத்தீங்களா?”

“இல்லியே டீச்சர். கம்பெனிக்குப் போயிருப்பான்.”

“போவல. ஏழரைக்கு வூட்ட வுட்டுக் கெளம்பிட்டான்னு அவங்கம்மா சொல்றாங்க. இன்னும் வரலன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. மணி ஒம்பதே முக்கால். மொத்தமே இருபது நிமிஷ நடை.” போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “அடிக்குது. எடுக்க மாட்றான். ரோட்ல நடக்கும்போது போன் எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சேன்.”

திரும்பி அவரோடு நடந்தேன். எனக்கு வேறு அவசரம் ஒன்றும் இல்லை.

தேசிங்குக்குப் பத்தொன்பது வயது. திருவொற்றியூருக்கு வடக்கே கடலோரக் குப்பத்துப் பையன். அப்பா போட்டில் போகிறவர், அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். அவனுக்குப் புத்தி வளர்ச்சி மெதுவாக இருந்தது. எழுதப் படிக்க வராது. ஆனால் ஒரு காரியத்தை நூறு முறை செய்து காட்டினால் நூற்றியோராவது முறை அதே மாதிரி செய்வான். அவன் வீடு சாலைக்குக் கடல் பக்கம். வேலை கிடைத்த அட்டைப்பெட்டி கம்பெனி மேற்குப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளின் சாலை.

அந்தச் சாலையை நாள் தவறாமல் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். காலையில் லாரிகள் அங்கே ஓடாது, நிற்கும். துறைமுகக் கேட் திறக்கக் காத்துக்கொண்டு மைல் கணக்கில் வரிசையாக நிற்கும். திரும்பி வருகிற பக்கமும் அடைத்துக்கொண்டு நத்தையாக ஊரும். நான் கேபினில் உட்கார்ந்து பல் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் முதன்முதலாக அந்தப் பையன் எங்கள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். பம்பரில் உள்ளங்கையை வைத்தான். நிமிர்ந்து டிரைவர் கண்ணைப் பார்த்தான். டிரைவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். அவன் கடந்து போனான். பத்தடி பின்னால் ஒரு அம்மாள் அவன் காலடியையே பார்த்துக்கொண்டு கடந்து போனார்.

மூன்று நாள் தொடர்ந்து இதே நடந்ததும் நான் ஜன்னலில் தலையை நீட்டி, “இன்னா மேடம், பையன வேவு பாத்துக்கினு கீறீங்களா?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நின்றார். “ஆமா தம்பி. உங்க வண்டி எத்தன மணிக்கு நகரும்?”

“கேட் தொறந்தா நகரும்.”

“அப்பால?”

“அப்பால இன்னா, உள்ள போவும்.”

“திடீர்னு நகருமா, ஹாரன் அடிச்சிட்டு நகருமா? ஒருத்தன் முன்னாடி நின்னா மேல இருந்து தலை தெரியுமா? எவ்ளோ ஒசரம் இருந்தா தெரியும்?”

என்னைக் கீழே இறங்கச் சொல்லி, தானே கேபினில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முட்டி வலியோடு. தேசிங்கை பம்பரை ஒட்டி நிற்க வைத்தார். “தலை தெரியல,” என்றார். இறங்கி வந்து அவனை, கை நீட்டினால் பம்பர் எட்டுகிற மாதிரி, இரண்டு அடி தள்ளி நிற்க வைத்தார். மறுபடி ஏறினார். அன்று எங்கள் டிரைவர் தலையிலடித்துக்கொண்டார். “இந்தம்மா வண்டிய எடுத்துக்கினு ஹார்பருக்கே போயிடும் போல கீதுபா.” டீச்சர் மேலிருந்தே, “உங்களவிட நல்லாத்தான் ஓட்டுவேன் நைனா, கம்னு நில்லு,” என்றார்.

அதன் பிறகு தினமும் பேசிக்கொள்வோம். எனக்கு அவர் வைத்த பெயர் லாரி தம்பி. அவர் பெயரை நான் கேட்டதில்லை. கம்பெனி வாசலில், டீக்கடையில், குப்பத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். ராயபுரத்தில் வீடு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. திடுக்கிட்டால் அதைப் பல்லில் கடித்துக்கொள்வார்.

அவர் பள்ளிக்கூட டீச்சராக இருந்தது உண்மை. சிறப்புப் பள்ளி. அங்கே பிள்ளைகள் பதினெட்டு வயது வரை படிக்கலாம். பிறகு பள்ளி முடிந்துவிடும். ஒரு முறை வியாசர்பாடியில் ஏதோ சாவு வீட்டுக்குப் போனவர், பழைய மாணவன் ஒருவன் அதே பிளாக்கில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு மாடி ஏறியிருக்கிறார். அவன் சுவரைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஐந்து வருடமாக அப்படித்தான் என்று வீட்டில் சொன்னார்களாம். சட்டைப் பொத்தான் போட அவனுக்கு இரண்டு வருடம் சொல்லிக் கொடுத்தவர் இவர். அவன் சட்டை திறந்து கிடந்தது. போடு என்று சொன்னார். அவன் பொத்தானைப் பிடித்தான், ஓட்டையைத் தேடினான், விட்டுவிட்டான்.

“மறந்துட்டான் தம்பி. நான் போட்டு விட்டுட்டு வந்தேன்,” என்றார். இதைச் சொன்னபோது அவர் கண் தேசிங்கின் முதுகிலேயே இருந்தது.

அந்த வருடமே பள்ளியை விட்டுவிட்டு, பள்ளி முடித்த பிள்ளைகளை வேலையில் சேர்த்துவிடுகிற ஒரு சின்ன அமைப்பில் சேர்ந்துவிட்டார். ஒரு பிள்ளைக்கு இரண்டு மாதம் என்று கணக்கு. முதலில் பக்கத்தில் நடப்பார். பிறகு மூன்றடி பின்னால். பிறகு பத்தடி. பிறகு மறைவாக. பிறகு வர மாட்டார். இதில் மறைவாக என்பதுதான் அவருக்குப் பெரும்பாடு. தேசிங்கு பாதி வழியில் நின்று திரும்பிப் பார்ப்பான். இவர் லாரிக்குப் பின்னால் ஒளிவார். அவன் குனிந்து லாரிக்கு அடியில் பார்த்து, “டீச்சர் செருப்பு,” என்று சொல்லிச் சிரிப்பான். மறுநாள் டீக்கடை அம்மாவின் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அது ஒரு அளவு பெரியது. தடக் தடக் என்று சத்தம் வந்தது. அன்று தேசிங்கு ஏமாந்துவிட்டான். டீச்சர் டீக்கடைக்கு வந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். “அவன் திரும்பிப் பாக்கல தம்பி. ஒரு தபா கூட,” என்றார். அழுத மாதிரியும் இருந்தது.

பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவரைக் கண்டால் சில நேரம் கதவைச் சாத்துவார்கள். தேசிங்கின் அம்மாவே முதலில் சாத்தினவர்தான். “வூட்ல ஒரு ஓரமா குந்திக்கினு கீறான். அவன ரோட்டுக்கு இட்டுனு போய் லாரில வுட்டு சாகடிக்கவா?” டீச்சர் வாசலிலேயே நின்று, “நீ கூட இருக்கற வரைக்கும் குந்துவான். அப்பால?” என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியால்தான் பலருக்கு அவரைப் பிடிக்காது.

அன்று காலை நாங்கள் தேடிய இடங்களைச் சொல்கிறேன். அவன் வழக்கமாகக் கடக்கிற டீக்கடை வாசல். இல்லை. குப்பத்து மணல், வலை உலர்த்துகிற இடம், கற்கள் போட்ட கடலோரம். இல்லை. ரயில் நிலையம். ரயில்வே கேட் அருகே டீச்சர் தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினார். சிலுவை பல்லில் இருந்தது.

சாலையில் வாகனங்கள் பறந்தன. லாரி வரிசை இல்லாத அந்தச் சாலையை நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு அகலம் என்று அன்றுதான் தெரிந்தது. கார்களும் தண்ணீர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் தடையே இல்லாமல் போயின.

டிராபிக் போலீஸ்காரரிடம் கேட்டோம். “காத்தால இருந்து ஒரு ஆக்சிடென்ட்டும் இல்லம்மா. ரோடே ஜாலியா கீது பாரு,” என்றார்.

“நானும் அப்டித்தான் நெனச்சேன்,” என்று டீச்சர் என்னிடம் சொன்னார். நடந்துகொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே. “நேத்து நியூஸ்ல ஸ்ட்ரைக்னு சொன்னாங்க. லாரி இல்ல, புள்ள நிம்மதியாப் போவான்னு நெனச்சேன். ரெண்டு மாசத்துல நேத்துதான் தம்பி நான் நல்லாத் தூங்கினேன்.”

நான் சட்டென்று நின்றேன். “டீச்சர். அவனுக்கு ரோடு தாண்ட எப்டி சொல்லிக் குடுத்தீங்க?”

அவரும் நின்றார். உள்ளங்கையைக் காற்றில் தூக்கினார், பம்பரில் வைக்கிற மாதிரி. கை அப்படியே நின்றது. “லாரி மேல கை வை. டிரைவரப் பாரு. தலையாட்டினா போ.” அன்று கை வைக்க அந்தச் சாலையில் ஒரு லாரியும் நிற்கவில்லை.

அப்படியானால் அவன் லாரியைத் தேடிப் போயிருக்க வேண்டும். குப்பத்துக்குத் தெற்கே நிற்கிற வண்டி எதுவும் கிடையாது. வடக்கே பஞ்சர் கடை ஒன்று உண்டு. இரண்டு நாளாக ஒரு டிரைலர் சக்கரம் கழற்றி அங்கே கிடந்தது எனக்குத் தெரியும். காலையில் அந்த வழியாகத்தான் வந்தேன். நான் சாலையின் மறுபக்கமாக, வேலை அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்ததால் அவனைக் கவனிக்கவில்லை.

அவன் அங்கே இருந்தான். பதினொன்றரை மணி வெயிலில், சீருடைச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, டிரைலரின் பம்பரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். நிமிர்ந்து கேபினைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேபினில் ஆள் இல்லை.

பஞ்சர் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “உங்க புள்ளையா? காத்தால எட்டு மணியில இருந்து வண்டியப் புட்ச்சிக்கினு நிக்கிறான். தண்ணி குட்த்தா வாங்கல. இன்னா நைனா ஓணும்னு கேட்டா வாயத் தொறக்கல.”

“தெரியாதவங்க கிட்ட பேசாதன்னு சொல்லியிருக்கேன்,” என்றார் டீச்சர் மெல்ல. முன்பு ஒரு பிள்ளையிடம் எவனோ பேச்சுக் கொடுத்துப் போனைப் பிடுங்கிக்கொண்டு போனான். அதிலிருந்து அந்த விதி.

நான் அவனை நோக்கி ஓடப் போனேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு ஆட்டோவின் பின்னால் இழுத்துவிட்டார்.

“சும்மா இருங்க.”

“டீச்சர், பையன் மயக்கம் போட்டு வுழப்போறான்!”

“வுழ மாட்டான். அவன் என்ன பண்றான்னு பாக்கணும். நீங்க போயி கையப் புடிச்சிட்டா அது எனக்குத் தெரியாமலே போயிடும்.”

பதினைந்து நிமிடம் அப்படி நின்றோம். அவர் நகம் என் கையில் பதிந்திருந்தது. தேசிங்கு ஒரு முறை பம்பரிலிருந்து கையை எடுத்து, சாலை ஓரம் வரை வந்தான். ஒரு கம்பெனி பஸ் அவன் சட்டையைப் பறக்கவிட்டுப் போனது. டீச்சர் மூச்சை இழுத்தார், ஆனால் என் கையை விடவில்லை. அவன் மறுபடி போய் பம்பரில் கை வைத்தான். அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவன் செத்திருந்தால் நானும் பார்த்துக்கொண்டு நின்றவன் ஆகியிருப்பேன்.

பிறகு அவன் திரும்பினான். ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தான். டீச்சரைப் பார்க்கவில்லை. அவர் இன்னும் குனிந்துகொண்டார். தேசிங்கு நேரே என்னிடம் வந்தான். அவனுக்கு நான் லாரியில் உட்கார்ந்திருக்கிற ஆள். உதடு வெடித்திருந்தது. உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்தான். நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தான்.

நான் வாழ்நாளில் எத்தனையோ சுமை தூக்கியிருக்கிறேன். அந்தத் தலையாட்டலைப் போல எதுவும் கனத்ததில்லை. சாலையைப் பார்த்தேன். ஒரு தண்ணீர் லாரி, இரண்டு கார், ஒரு ஸ்கூட்டர். எல்லாம் போனதும் தலையாட்டினேன். நான் அவன் பக்கத்தில் நடந்தேன். நடுத்திட்டில் ஏறி நின்று மறுபக்கத்தைப் பார்த்து மறுபடி தலையாட்டினேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும்தான் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் நடுத்திட்டு வரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

அவர் எழுந்து வந்து சேர்ந்ததும் மூவரும் கம்பெனிக்கு நடந்தோம். கேட்டில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. தேசிங்கின் கையில் முதலில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவன் குடித்துவிட்டு உள்ளே தன் மேஜைக்குப் போகப் பார்த்தான். அவர் கேட்டில் கையை வைத்து மறித்தார்.

“நாளைலேந்து வாணாம் டீச்சர்.”

“வேலையில எதுனா குத்தமா?”

“வேலை சுத்தம். நூறு பெட்டி மடிச்சா ஒண்ணு கோணல் கீதான்னு தேடணும். அதெல்லாம் நான் மறுக்கல. ரோடுதான் பேஜாரு. ரோட்ல எதுனா ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும். எனக்கு மேல ஆளு கீறாங்க.”

“இன்னும் ஒரு மாசம் நான் பின்னாடியே வரேன்.”

“நீங்க எத்தன நாள் வருவீங்க? வுட்டு மூணு நாள்தான் ஆவுது, அதுக்குள்ள இப்டி. ராயபுரத்துல வேற ஒரு பொண்ண நாளைக்கு சேக்கப் போறீங்கன்னு நீங்களே சொன்னீங்க.”

அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது. அவள் வீட்டில் டீச்சர் மூன்று மாதம் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார். இவனோடு இருந்தால் அவள் வேலை போகும். அவளோடு போனால் இவன் வேலை போகும்.

தேசிங்கு நடுவில் புகுந்தான். “நாளைக்கு லாரி வரும் சார்.”

“வர்லன்னா நைனா?”

அவன் டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். டீச்சர் தரையைப் பார்த்தார். ஊரையெல்லாம் கேள்வி கேட்டவர் அன்று ஒரு கேள்வியின் முன்னால் அப்படி நின்றார்.

எனக்குக் கேட்டில் தொங்கிய அட்டைதான் கண்ணில் பட்டது. காலையிலிருந்து அதைத்தானே தேடி வந்தேன். “சார், லோடிங்குக்கு ஆள் வேணும்னு போட்டிருக்கு. நான் வரேன். குப்பத்துலயே எங்கயாவது தங்கிக்கறேன். காலைல இவனோடவே வந்துடறேன்.”

சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தோளையும் கையையும் பார்த்து, “செரி, ஆதார் கீதா?” என்றார். அவர் சம்மதித்துவிட்டார். சம்மதிக்காதவர் டீச்சர். என்னை மதில் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“சூரத்துல எத்தன நாள் இருந்தீங்க?”

“ஏழு மாசம்.”

“தூத்துக்குடியில?”

“நாலு.”

“லாரில?”

“அஞ்சு.”

“இங்க?”

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. “தெரியாது டீச்சர்.”

“நீங்க பையத் தூக்கிக்கினு போனா, அவன் உங்கள எங்கனு போயி தேடுவான்? லாரியாவது பஞ்சர் கடையில கெடைக்கும்.” அவர் குரல் ஏறியது. “உங்கள நம்பி அவன வுட்டுட்டுப் போறதுக்கு, வூட்லயே குந்த வெக்கலாம்.”

சொன்னபின் அவரே வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்பேன் என்று நினைக்கவில்லை. அவரும் நினைத்திருக்க மாட்டார்.

“காலி ரோட்ட எப்டித் தாண்டறதுன்னு அவனுக்கு வந்துட்டா, நான் இருந்தா இன்னா போனா இன்னா?” என்றேன். “அது வர்ற வரைக்கும் போவ மாட்டேன். அத மட்டும் சொல்ல முடியும்.”

அவர் என் போனை வாங்கித் தன் எண்ணைப் போட்டுக் கொடுத்தார். “தலையாட்டாதீங்க,” என்றார். “உங்க தலைய அவன் பாக்கவே கூடாது. ரோட்டப் பாக்க வைங்க.”

அதன் பிறகு அவரை நான்கைந்து முறைதான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முன்னால் வேறு ஒரு பிள்ளை. பேச நிற்க மாட்டார். கையை மட்டும் தூக்குவார். நான் அந்தக் கம்பெனியை விட்டுப் போன பிறகு எண் மாற்றிவிட்டேன். அவர் எண்ணும் தொலைந்துவிட்டது.

அவனைத் தேடிய அந்த நாளுக்கு மறுநாள் காலையும் ஸ்ட்ரைக் நீடித்தது. ஏழரைக்கு டீக்கடை வாசலில் நின்றோம். தேசிங்கு உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்தான். அதை எடுத்துக் கீழே விட்டேன். மறுபடி வைத்தான். மறுபடி எடுத்துவிட்டு, கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அவன் சட்டை நுனி மட்டும் என் கையில். டீச்சர் அப்போது ராயபுரத்தில் அந்தப் பெண்ணின் பின்னால் நடந்துகொண்டிருப்பார். தெரிந்தும் நான் மூன்று முறை குப்பத்துப் பக்கம் பார்த்தேன். எங்காவது ஒரு படகுக்குப் பின்னால் நின்றால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

“இப்போ,” என்றான் தேசிங்கு. திரும்பிப் பார்த்தேன், ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. இழுத்துப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “இப்போ.” ஒரு கார். அதன் பிறகு கால் மணி நேரம் அவன் சொல்லவே இல்லை. கம்பெனியில் எட்டு மணிச் சங்கு ஊதியது. ஓரக்கண்ணால் கவனித்தேன். எட்டு பத்துக்கு அவன் வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான், மறுபடி வலது பக்கம் பார்த்தான்.

“இப்போ.”

திரும்பிப் பார்த்தேன். நடுத்திட்டு வரை சாலை வெறுமையாக இருந்தது. மறுபாதியிலும் அவன்தான் சொன்னான். அந்தப் பக்கம் ஏறியதும் என் கையிலிருந்து சட்டையை உருவிக்கொண்டு கேட்டுக்குள் ஓடிவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு இருபது. லோடிங் ஆளாக என் பெயரை நோட்டில் எழுதிய சூப்பர்வைசர், பக்கத்திலேயே ‘முதல் நாள் தாமதம்’ என்றும் எழுதினார். அட்டைக் கட்டுகள் கிடந்த மூலையைக் காட்டினார். முதல் கட்டைத் தூக்கினேன்.